ஆணா பெண்ணா என்று யோசித்த நேரத்தில்

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அடுத்த போர்ஷனுக்கு, ரயில்வேயில் வேலை பார்த்த வடநாட்டுக்காரர் ஒருவர் புதுமனைவியோடு குடிவந்தார். நான் இந்திப் பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பேசிப் பழக ஓர் ஆள் கிடைத்ததே என்று எனக்கு ஒரே குஷி.

ஆனால் வாயைத் திறந்தால்தானே! இந்தியில் ரொட்டி பெண், வீடு ஆண். மற்ற சொற்களும் அதற்குத் தக்கபடி மாறும். தப்பாகப் பேசினால் மானம் போய்விடும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று யோசிப்பேன். அந்தப் பெண்ணோ நேர் எதிர். தெருவில் காதில் விழுந்த தமிழை அப்படியே பிடித்துக்கொண்டாள். அதிலும் அவள் ஊர் வழக்கம் விடவில்லை; ரொட்டியும் அலையும் அவளுக்குப் பெண்கள்தான். “அக்கா, ரொட்டி தீயறா, இன்னா பண்றது?” என்பாள். மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனபோது, “அக்கா, ஓடு ஓடு, அலை வந்துகினு கீறா!” என்று கத்தினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. என்ன புத்தியோ!

அந்த மழைக்காலத்தில் எனக்கு டைபாய்டு. என் வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூரில். என் கைக்குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, எனக்குக் கஞ்சி ஊட்டிப் பிழைக்க வைத்தவள் அவள்தான். கூடப்பிறந்தவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

நான் தேறி எழுந்த கையோடு அவள் கணவருக்கு மாற்றல் வந்துவிட்டது. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நான் போறேன் அக்கா. எதுனா சொல்லேன்” என்றாள்.

உன் நினைவு எனக்கு எப்போதும் இருக்கும் என்று அவள் மொழியிலேயே சொல்லிவிட ஆசை. நினைவு ஆணா, பெண்ணா? ‘உன்’ என்பதற்கு ‘தும்ஹாரா’ என்று ஆண்பாலில் ஆரம்பித்தேன். இல்லை, ‘தும்ஹாரீ’. மறுபடி சந்தேகம். அப்படியே நின்றுவிட்டேன்.

“தள்ளிக்கம்மா, வண்டி கெளம்பிடுச்சு. இன்னா பாத்துகினு நிக்கிறே?” என்று போர்ட்டர் அதட்டினார். அவள் கை நழுவிவிட்டது. கண்ணுக்கு மறைகிற வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

தமிழில் சொல்லியிருந்தாலே அவளுக்குப் புரிந்திருக்கும். பாவி எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. விலாசம்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அப்புறம் அவளை நான் பார்க்கவேயில்லை.

இன்றைக்கு யார் எனக்கு ஒரு நல்லது செய்தாலும், தப்போ சரியோ, அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியவளுக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.