வராதவர் ஓட்டிய வண்டி

அந்தப் பந்தயத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்ட இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர் அன்றைக்கு மலையிலேயே இல்லை. உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம், சாலையில் வெட்டிப் போட்டிருந்த புளியமரங்களுக்குப் பின்னால் தன் காரில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இது நிச்சயமாகத் தெரியும். வெள்ளிமலையில் நேரம் குறித்தவள் நான்தான். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் காது சூடாகிறது.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமே கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் கல்வராயன் மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் தற்காலிகக் கணக்கு ஆசிரியை. சொந்த ஊர் நைனார்பாளையம். திங்கள் காலையில் கச்சிராயபாளையத்தில் ஜீப் ஏறினால் சனிக்கிழமை மதியம்தான் இறங்குவேன். பேருந்து நினைத்தால் வரும், நினைத்தால் வராது. ஜீப் மட்டும் தவறாது.

அந்த ஜீப்பை ஓட்டியவருக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். மலையில் பிறந்தவர். வீட்டில் சாமையும் தினையும் விதைத்தார்கள். கடுக்காய் மூட்டை, கோழி, ஆசிரியர்கள், காய்ச்சல்காரர்கள் என்று பதினான்கு பேருக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் போவார். ஒரு நாளும் நான் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்ததில்லை. அப்படி ஓட்டுவார். அரசுப் பேருந்துக்கு டிரைவராகப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மனு போட்டிருந்தார். சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் அது நின்றுபோயிருந்தது.

“தாலுகா ஆபீசுல இன்னா சொல்றாங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நான் மலைக்காரன்தான்னு எழுதிக் குடுக்க, ஒருத்தர் மேல வந்து பாக்கணுமாம் டீச்சர். ஜீப்பு நம்முளுதுதான், ஏறி உக்காந்தா போதும்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்கும் ஆளு வரல” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த வருட கார் பந்தய சாம்பியன்ஷிப்பில் ஐந்து பந்தயங்கள். நான்காவதை எங்கள் மலையில் வைத்தார்கள். கோமுகி அணையடியில் கிளம்பி வெள்ளிமலை வரை ஏற வேண்டும், திரும்பி இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு வரை. பாதை ஒடுக்கமானது என்பதால் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். அதிக முறை ஏறி இறங்கி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்த வண்டிக்குக் கோப்பை. ஒருவரே ஓட்டினால் கை தளர்ந்து பள்ளத்தில் போய்விடுவார் என்று, ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள் கட்டாயம் என விதி. ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

நேரம் குறிக்கப் படித்த ஆள் வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். கணக்கு டீச்சர் என்று என்னை அனுப்பினார்கள்.

முந்தைய நாள் அணையடியில் எங்களுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது சிவப்பு வண்டியின் முதலாளி வந்து பேசிக்கொண்டிருந்தார். சென்னைக்காரர். புள்ளிப் பட்டியலில் அவர் வண்டிதான் இரண்டாவது. தரையைத் தொடுகிற மாதிரி தாழ்வான, இரண்டே பேர் உட்காரும் வண்டி. ஓட்டுநர்களில் ஒருவன் அவருடைய அக்கா மகன். இன்னொருவர் மறுநாள் விடிவதற்குள் சென்னையிலிருந்து வந்து சேர வேண்டும்.

“கீழ மரத்தை வெட்டிப் போட்டுட்டு கோட்டா குடு, கோட்டா குடுன்றாங்க. எங்க ஸ்போர்ட்ல கோட்டா கிடையாதும்மா. எவன் ஃபாஸ்டோ அவனுக்குத்தான் கப். உங்க கையில இருக்கே வாட்ச், அதுக்கு ஜாதி தெரியுமா?” என்றார்.

என் அண்ணன் கீழே மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிட மோசம், அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் நியாயமாகக்கூடப் பட்டது. அந்த வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். ஜீப்பையும் நிறுத்திவிட்டார்கள். தலைச்சுமையோடு இறங்கிய பெண்கள் பாதையோரம் கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் மலையில், அவர்கள் பாதையில், நகரத்து வண்டிகள் போகும்வரை காத்துக்கொண்டு நின்றார்கள்.

சென்னை ஓட்டுநர் வந்து சேரவில்லை. உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டேன், முன்னாலும் மரம், பின்னாலும் மரம் என்று, பந்தயக்காரர்கள் தங்கியிருந்த விருந்தினர் மாளிகைக்கு போன் வந்ததாம். முதலாளியின் அக்கா மகன் தனியாக இரண்டு மணி நேரம் ஓட்டினான். அதற்கு மேல் ஓட்டினால் வண்டியை விலக்கிவிடுவார்கள். ஆள் வேண்டும். அணையடியில் நின்ற ஜீப்பையும் அதன் மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவரையும் முதலாளி பார்த்திருக்கிறார்.

நடந்ததைப் பின்னால் ஜீப்காரரே சொன்னார். “இந்த மலைய எத்தினி தபா ஏறியிருக்கன்னு கேட்டாரு. யாருங்க எண்ணிக்கினு இருக்காங்கன்னேன். ஓட்டுறியான்னாரு. என் பேரு போட்டு ஒரு பேப்பரு குடுப்பீங்களான்னு கேட்டேன். பஸ் வேலைக்குக் காட்டலாமில்ல? கண்டிப்பா குடுக்கறேன்னாரு.” பந்தய நிர்வாகியும் பக்கத்தில்தான் இருந்தாராம். ஓட்டட்டும், பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம்.

மேலே இருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. சிவப்பு வண்டி வரும் சத்தம் கேட்டது. சத்தம் மாறியிருந்தது. அதற்குமுன் ஒவ்வொரு வளைவிலும் அலறி அடங்கி அலறி வந்த வண்டி, இப்போது ஒரே சீராக ஏறி வந்தது. நான் கடிகாரத்தை அழுத்திவிட்டுப் பார்த்தேன். நான்கு நிமிடம் குறைவு. ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நான் நின்ற சந்தை மேட்டில் திரும்பும்போது தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கி, “டீச்சர், நாந்தான்!” என்று கத்தினார். 

கயிற்றுக்குப் பின்னால் நின்ற பெண்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். அடுத்த முறை அவர் ஏறி வந்தபோது குலவை போட்டார்கள்.

பதிவேட்டில் வண்டி எண், நேரம், ஓட்டியவர் பெயர் என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியில் அவர் பெயரை முழுதாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு எழுதினேன். மொத்தம் எட்டு முறை அந்த வண்டி ஏறியது. ஐந்து முறை அவர். அந்த ஐந்தும் அன்றைக்கு மற்ற எந்த வண்டியும் தொட முடியாத நேரம்.

நான்கு மணிக்குப் பந்தயம் முடிந்தது. நிர்வாகியின் உதவியாளர் மேலே வந்தார். மரியாதையான ஆள்.

“மேடம், ரெஜிஸ்டர் மழைச்சாரல்ல கசங்கியிருக்கு. இந்த ஷீட்ல அழகா ஒரு காப்பி எழுதிக் குடுங்க. நம்பரும் டைமும் போதும். டிரைவர் நேமை கீழ நாங்க ஃபில் பண்ணிக்கறோம்.”

நான் எழுதிக்கொடுத்தேன். உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என் அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தேன். அடியில் கையெழுத்தும் போட்டேன். பதிவேட்டை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை. படித்தவள் என்று அனுப்பப்பட்டவள்.

பரிசளிப்பு அணையடியில், வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது. ஜீப்காரர் அணைத் தண்ணீரில் முகம் கழுவி, தலையைப் படிய வாரிக்கொண்டு முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றார். முதல் பரிசு சிவப்பு வண்டிக்கு. ஒலிபெருக்கியில் இரண்டு பெயர்களைப் படித்தார்கள். ஒன்று அக்கா மகன். மற்றது உளுந்தூர்பேட்டையில் உட்கார்ந்திருந்தவர். “நம்ம நண்பர் உடல்நிலை காரணமா மேடைக்கு வர முடியல” என்று வேறு சொன்னார்கள்.

ஜீப்காரர் ஒரு அடி முன்னால் வைத்திருந்தார். வைத்த காலை எடுக்கவில்லை. அப்படியே நின்றார்.

எனக்கு எப்படி அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியாது. எழுந்து, “அது பொய்ங்க. அவரு வரவே இல்ல. அஞ்சு தபா ஓட்டினது இவரு. நான்தான் எழுதினேன்” என்று கத்தினேன்.

நிர்வாகி கோபப்படவில்லை. தாளை எடுத்து என் முன் நீட்டினார். “இது உங்க கையெழுத்துதானே மேடம்?” என் எண்கள், என் கோடுகள், கீழே என் கையெழுத்து. மூன்றாவது பத்தியில் தட்டச்சு செய்த பெயர்.

“நான் எழுதுன ரெஜிஸ்டர் எங்க? அதக் கொண்டாங்க.”

“அதான் வேஸ்ட் ஆயிடுச்சுன்னு நீங்களே காப்பி எழுதிக் குடுத்தீங்களே?”

மற்ற அணிக்காரர்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் சிகரெட் பற்ற வைத்தார். நாளைக்கு அவர்களுக்கும் இப்படி ஒரு உதவி வேண்டியிருக்கலாம்.

ஜீப்காரர் முதலாளியிடம் போனார். “பேரு போட்டு பேப்பரு குடுக்கறேன்னீங்க.”

“பந்தய லைசென்ஸ் இல்லாதவனுக்கு எப்படிப்பா சர்டிபிகேட் குடுக்கறது? ரூல்னு ஒண்ணு இருக்கில்ல? நீ நல்லா ஓட்டுன. நான் இல்லைன்னு சொல்லல” என்று தோளில் தட்டினார் முதலாளி. யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

அன்று கச்சிராயபாளையத்தில் சக ஆசிரியை வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை விருந்தினர் மாளிகைக்குப் போனேன், பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம் என்று. அங்கே வேறு கலவரமாக இருந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையில் மரம் விழுந்திருந்தது. சாலை எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளி ஜீப்காரரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவர் வந்தார்.

“மலை மேலேயே போய் கருமந்துறை வழியா வாழப்பாடி இறங்கலாமாமே?”

“எறங்கலாங்க. மண்ணு ரோடுதான். நடுவுல ரெண்டு ஓடை வரும்.”

“இந்த வண்டி போகுமா?”

“ஓடையில எங்க எறக்கணும்னு தெரிஞ்சா போவும்.”

“சரி, நீ முன்னால ஜீப்ல போ. நாங்க பின்னால வர்றோம்.”

அவர் தலையைச் சொறிந்தார். குரலை உயர்த்தவில்லை. “நான் எதுக்குங்க? உங்க டிரைவரு நேத்து அஞ்சு தபா ஏறி எறங்கினாரே, அவரையே கேளுங்க. அவருக்கு வழி நல்லாத் தெரியும்.”

முதலாளியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அக்கா மகன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் தாங்களே கிளம்பினார்கள். முதல் ஓடையிலேயே வண்டியின் அடிவயிறு பாறையில் மோதி எண்ணெயெல்லாம் கொட்டிவிட்டது. மாடு கட்டி இழுத்து வந்தார்கள். கடைசிப் பந்தயத்தில் அந்த வண்டி ஓடவில்லை, சாம்பியன் பட்டம் வேறு யாருக்கோ போனது என்று பிறகு செய்தித்தாளில் படித்தேன். மகிழ்ச்சியாக இல்லை என்று சொன்னால் பொய்.

சாலை திறந்ததும் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அநியாயம் என்றால் அரிவாளை எடுக்கிறவனாயிற்றே என்று நினைத்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “மலைக்காரங்களுக்குத்தான் ஏற்கெனவே தனியா கோட்டா குடுத்துக்கினு இருக்காங்களே. அவனுக்காவ நீ ஏன் கெடந்து அடிச்சிக்கிற? நம்ம ஆளா அவன்?” என்றான். எதிரில் இருந்த சொம்பை எடுத்து முற்றத்தில் வீசினேன். அம்மா ஓடி வந்தாள். அண்ணனோடு மூன்று மாதம் பேசவில்லை.

பந்தயச் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. ஆவணங்களின்படி முடிவு சரியானது என்று இரண்டே வரி. கூடவே ஆதாரமாக நான் எழுதிய தாளின் நகலை இணைத்திருந்தார்கள். அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அடுத்த கல்வி ஆண்டில் என்னைப் பள்ளியில் தொடர வைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவருக்குச் சாதிச் சான்றிதழ் வந்தபோது பேருந்து வேலைக்கு வயது தாண்டிவிட்டிருந்தது. கடைசிவரை ஜீப்தான் ஓட்டினார்.

நான் மலையை விட்டு இறங்கிய நாளன்று முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் எழுதிக்கொடுத்த தாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பாதி மலை இறங்கியதும், “அந்தப் பேப்பர நான் எழுதிக் குடுத்திருக்கக் கூடாது” என்றேன்.

“நீங்க இல்லன்னா வேற யாருனா எழுதியிருப்பாங்க, வுடுங்க டீச்சர்” என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு ஆறவில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் அது அவர்கள் பாடு. எழுதியது நான். ஓட்டியது அவர். கோப்பை வேறொருவர் வீட்டில் இருக்கிறது. இதில் எதை விடுவது என்று அவரிடம் கேட்க நினைத்தேன். வளைவு வந்தது. எதிரே விறகுக்கட்டோடு ஏறி வந்த ஒரு பெண்ணுக்காக அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.