முடியும் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன்

முப்பத்தாறு சதவீதம் என்று எழுதியிருந்தது. தேன்மொழி அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "இது பாஸா மேடம், பெயிலா?" என்று கேட்டாள்.

மருத்துவமனையின் நீண்ட நடையில் நின்றுகொண்டிருந்தோம். ஊனத்தின் அளவு நாற்பது சதவீதத்துக்குக் குறைந்தால் அரசு இட ஒதுக்கீடு கிடையாது. முப்பத்தொன்பதரை இருந்தாலும் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் அரசு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவள் நான். அந்த விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் பிரிவு எண்ணோடு சொல்வேன். அன்று ஒரே வார்த்தைதான் சொன்னேன்.

"பெயில்" என்றேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன். இதில் ஊழல் இல்லை, லஞ்சம் இல்லை. எல்லாரும் விதிப்படிதான் நடந்தார்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போய் விதிப்படி நடந்தேன்.

1. மாடியில் இருந்த அலுவலகம்

தேன்மொழி அனகாபுத்தூர்க்காரி. அப்போது முப்பத்தொரு வயது. சிறு வயதில் எலும்பில் சீழ் பிடித்து இடது கால் குட்டையாகிவிட்டது. முட்டி பாதிதான் மடங்கும். தபால் வழியில் பி.காம். முடித்துவிட்டு ஒரு பிரவுசிங் சென்டரில் மற்றவர்களுக்கு வேலை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "என் கையால ரொம்பப் பேரு ஆபீசரா ஆயிட்டாங்க மேடம், நான்தான் ஸ்டூல்லயே கீறேன்" என்பாள்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். நானே அழைத்துப்போனேன். ஹெச்.ஆர். தம்பி நன்றாகப் படித்தவர், சிரித்த முகம். பத்து நிமிடம் டாலி என்ற கணக்கு மென்பொருள் பற்றிக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். கடைசியில், "ஆபீஸ் செகண்ட் ஃப்ளோர்ல இருக்கும்மா. லிஃப்ட் சரக்குக்கு மட்டும்தான். மாடி ஏற முடியுமா?" என்றார்.

"கொஞ்சம் கஷ்டம் சார். மெதுவா ஏறுவேன்."

"ஓகேம்மா, சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்பவில்லை. திரும்பி வரும்போது மின்சார ரயிலில் அவள் சொன்னாள்: "கேட்டாரு, சொன்னேன். பொய் சொல்லியிருக்கணுமா மேடம்?"

"பொய் வேண்டாம். ஆனா முடியும்னு முதல்ல சொல்லு. மெதுவாங்கிறதெல்லாம் அப்புறம்" என்றேன்.

அன்றைக்கு அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

2. சனிக்கிழமை வகுப்பு

தாம்பரத்தில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில் சனிக்கிழமைதோறும் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினேன். அரசு உத்தரவு எதுவும் இல்லை, என் சொந்த ஆர்வம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. நான் முதலாளி. எதிரே உட்காருகிறவரை வாட்டி எடுப்பேன்.

"எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியுமா?"

"முடியும் சார்."

"நான் சாரா?"

"முடியும் மேடம்."

"பஸ்ல வர முடியுமா? மாடி ஏற முடியுமா? ஃபைலைக் கீழ குனிஞ்சு எடுக்க முடியுமா?"

முடியும், முடியும், முடியும். தயங்கினால் மறுபடி முதலிலிருந்து. முகத்தில் வலி தெரியக்கூடாது. நடக்கும்போது தோள் சாயக்கூடாது. தேன்மொழிக்கு ஒரு பக்கம் உயர்த்திய செருப்பு செய்து வாங்கிக் கொடுத்தோம். அதைப் போட்டு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். இரண்டு மாதத்தில், தெரியாதவர் பார்த்தால் காலில் குறை என்று சொல்ல மாட்டார்.

"ராத்திரி கால் வீங்கிக்குது மேடம்" என்றாள் ஒரு நாள்.

"வீட்டுக்குப் போய்தானே வீங்குது? இன்டர்வியூல வீங்கலையே" என்றேன். ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

இதற்கிடையே அரசுத் தேர்வு ஒன்று எழுதியிருந்தாள். இளநிலை உதவியாளர் பதவி. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேர்ச்சிப் பட்டியலில் அவள் எண் வந்துவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கடிதம் வந்த அன்று நேராக என் அலுவலகத்துக்கு வந்து, கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு என் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் குடித்தாள். அவ்வளவு உரிமை அதற்கு முன் அவள் எடுத்துக்கொண்டதில்லை.

ஒரே ஒரு சிக்கல். அவளிடம் இருந்த ஊனச் சான்றிதழ் நாற்பத்தைந்து சதவீதம். ஆனால் அது ஐந்தாண்டுக்கான தற்காலிகச் சான்றிதழ், காலாவதி ஆகியிருந்தது. மறுபடி மருத்துவக் குழு முன் போய் வாங்க வேண்டும். வெறும் சடங்கு என்று நினைத்தேன். குட்டையான கால் வளர்ந்தா விடும்?

3. வாசலில் மோகன், உள்ளே டாக்டர்

மருத்துவமனை வாசலில் மோகன் என்று ஒருவர் மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே படிவம் நிரப்பித் தருவார். இரண்டு காலும் போலியோ. நாங்கள் வருவதை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேடம், ட்ரெயினிங் குடுத்து இட்டுனு வந்துகிறீங்களா?"

"ஏன்?"

"இன்னா ஷோக்கா நடக்குது இந்தப் பொண்ணு. உள்ள போயி எல்லாத்துக்கும் முடியும்னு சொல்லிட்டு வெளிய வந்து அழும். ரொம்பப் பேரைப் பார்த்துட்டேன்."

"நடிக்கச் சொல்றீங்களா? அது குற்றம். தெரியுமில்ல?"

"நடிப்பு இன்னாத்துக்கு மேடம்? கால் வலிக்கிற நாளு எப்பிடி கீதுன்னு சொல்லட்டும். நல்ல செருப்பைப் போட்டுக்கினு நல்ல நாளா பார்த்து வந்துட்டு, நல்லா கீறேன்னு சொன்னா அவரு இன்னா பண்ணுவாரு?"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் மோகனிடம், "உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்தவர் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

உள்ளே டாக்டர் நாடாவால் காலை அளந்தார், முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தார். அது ஒரு பகுதி. மறு பகுதி என்ன செய்ய முடிகிறது என்பது. சமதரையில் நடப்பது, சரிவில் நடப்பது, மாடி ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குந்துவது, சம்மணம் போடுவது என்று ஒரு பட்டியல். முடியாத ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் ஏறும். அந்தப் பட்டியல் என் அலமாரியில் பல வருடமாக இருந்தது. பக்க எண்கூடத் தெரியும். ஆனால் அதை ஒரு கேள்வித்தாளாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அறுபது பேர் வெளியே காத்திருந்தார்கள். அறையில் படிக்கட்டும் கிடையாது, சரிவும் கிடையாது.

"நடந்து காட்டும்மா."

நடந்தாள். தோள் சாயவில்லை.

"மாடி ஏறுவியா?"

"முடியும் சார்."

"சரிவுல?"

"முடியும் சார்."

"அந்தக் கால்ல நிப்பியா?"

"முடியும் சார்."

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது 'முடியும்' வரும்போதுதான் அது என் சனிக்கிழமை வகுப்புப் பதில் என்று புரிந்தது. குறுக்கே பேசியிருக்கலாம். உடன் வந்தவர் குறுக்கிடக்கூடாது என்பது விதி. பேசவில்லை.

4. மறுபடியும்

மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. விண்ணப்பத்தை நானே எழுதினேன். இருபத்தாறு ஆண்டுகளில் நான் எழுதியதிலேயே பிழையற்ற விண்ணப்பம் அதுதான். பதில் வரும் வரை அவளுடைய இடத்தை நிறுத்திவைக்கச் சொல்லித் தேர்வு அலுவலகத்துக்கும் எழுதினேன். நிறுத்திவைக்க விதியில் இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இடைப்பட்ட நாளில் சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனிக்கு மறுபடி போன் செய்தேன். அதே தம்பி.

"முப்பத்தாறுன்னா எங்க மாற்றுத்திறனாளி லிஸ்ட்ல காட்ட முடியாதே மேடம்."

"சாதாரண ஆளா எடுத்துக்குங்க."

"மாடி இருக்கே மேடம்" என்றார்.

மேல்முறையீட்டுக் குழு கூடிய அன்று தேன்மொழி சாதாரண ரப்பர் செருப்பில் வந்திருந்தாள். வேறு டாக்டர். அதே பட்டியல்.

"மாடி ஏறுவியா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "ஏறுவேன் சார். ஏறினதுக்கு அப்புறம் இன்னா ஆவும்னு கேளுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவள் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினாள். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது.

"நேத்து ஒரு தபா மாடி ஏறினேன். அதான்."

டாக்டர் நல்லவர். ஒரு நிமிடம் அந்தக் காலையே பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். ஏறுகிறாரா, இல்லையா என்று இரண்டே கட்டம். ஏறின பிறகு என்ன என்பதற்குக் கட்டம் இல்லை. முப்பத்தெட்டு என்று வந்தது.

அந்த வேலை, பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போனது. அவரும் என் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தவர்தான். அவர் சான்றிதழ் நிரந்தரமானது.

5. கற்றுக்கொண்டது

ஒரே ஆளை இரண்டு மேசைக்கு முன்னால் நிறுத்துகிறோம். ஒரு மேசைக்கு அவர் எல்லாம் முடிந்தவராக இருக்க வேண்டும், இன்னொரு மேசைக்கு முடியாதவராக. நடுவில் இருக்கும் உண்மையை இரண்டு மேசையும் கேட்பதில்லை. எந்த மேசை என்ன கேட்கிறது என்று பார்க்காமல் யாருக்கும் பதில் சொல்லிக்கொடுக்காதீர்கள். வலிக்கும் நாளைப் பற்றிப் பேச அவரைப் பழக்குங்கள். அது நடிப்பு ஆகாது. இதை எனக்கு முதலில் சொன்னவர் மோகன். நான் பிறகு போய் அவரிடம் ஒப்புக்கொண்டேன். "பரவால்ல மேடம், படிச்சவங்களுக்குக் கொஞ்சம் லேட்டாதான் புரியும்" என்றார்.

போன மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க அஸ்தினாபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தேன். கவுன்டரில் தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நாற்காலி எதுவும் இல்லை.

"உட்கார சீட் தரணும்னு சட்டம் இருக்கே, கேட்டியா?" என்றேன். இன்னும் பழக்கம் போகவில்லை.

"தெரியும் மேடம். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க." மாத்திரை அட்டையைக் கவரில் போட்டு பில்லைக் கிழித்தாள். "வேலைக்கு எடுக்கும்போது ஓனர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நிக்க முடியுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

கவரை என் கையில் கொடுத்தாள். உடம்பின் எடையை வலது காலுக்கு மாற்றிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா சொல்லியிருப்பேன், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.