பச்சைக் காய் கேட்ட மாசம்

பிள்ளைகளே, நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் எலுமிச்சை மரத்தைப் பற்றி உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது உங்கள் அம்மா பேறுகாலத்துக்குச் சாத்தூரில் தாய்வீட்டில் இருந்தாள். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, தீபாவளி சீசன். நான் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்துகொண்டிருந்தேன். ஞாயிறு மட்டும்தான் அவளைப் போய்ப் பார்க்க முடியும்.

“அடுத்த வாரம் நம்ம மரத்துக் காய் நாலு கொண்டாங்க. பச்சையா, உப்புத் தொட்டுத் திங்கணும் போல இருக்கு” என்றாள். அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் அது.

பறித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் சூலக்கரையில் விவசாய ஆபீசில் வேலை பார்ப்பவராம். பையை எட்டிப் பார்த்தார்.

“சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் பிஞ்சுலயே ஏறிரும். பெறகு காய் பெருத்துச் சாறு வைக்கும்போது அம்புட்டா ஏறாது. பொட்டாசியம் அப்படி இல்ல. பழுக்குற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பெனியில் மருந்தில் கலக்கும் வெடியுப்பு மூட்டையில் அச்சடித்திருக்கும் பெயர்தான் பொட்டாசியம். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்க மாட்டோம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அதையா கொடுப்பது? அவரிடம் கேட்க வெட்கம். பையைச் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

“மரம் இன்னும் காய்க்கலை” என்றேன் உங்கள் அம்மாவிடம்.

“பொய் சொல்லாதீக. நான் வரும்போதே கொத்துக் கொத்தாப் பிஞ்சு நின்னுச்சு. நாலு காயைச் சொமக்கச் சோம்பலாக்கும்!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் என் வெறுங்கையிலேயே இருந்தது.

இப்படியே மூன்று ஞாயிறு ஏமாற்றினேன். நான்காவது ஞாயிறு, மனசு கேட்காமல், அவளுக்குப் பிரசவம் பார்க்கவிருந்த சாத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏண்ணே, பட்டாசை உரிச்சா திங்கப் போறாக? உங்க ரத்தத்துலயும்தான் பொட்டாசியம் ஓடுது. மூட்டையில இருக்குறது வெடிக்குற உப்பு, பழத்துல இருக்குறது சத்து. தாராளமாக் குடுங்க.”

வீட்டுக்கு வந்து பார்த்தால், மரத்தில் பச்சையாக ஒன்றுகூட இல்லை. எல்லாம் மஞ்சளாகிப் பாதி கீழே கிடந்தது. வியாழக்கிழமை மூத்தவள் பிறந்த சேதி வந்தது. இருந்த பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடினேன்.

“பச்சை உடம்புக்காரிக்குப் புளிப்பா? அங்கிட்டு வைங்க, மாப்பிள்ளை” என்றார் அத்தை. குழந்தை பெற்றவளுக்குப் பத்தியம்.

உங்கள் அம்மா ஒரு பழத்தைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தாள். தலையணை ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

இப்போதும் மரம் காய்த்தால் முதல் பச்சைக் காயை நறுக்கி, உப்போடு அவளிடம் நீட்டுகிறேன்.

“எனக்கு எதுக்கு? பல்லுக் கூசும். நீங்க சாப்பிடுங்க” என்கிறாள்.