என் போனுக்கு வந்த ஊசி

எங்கள் குடும்பத்தில் நான்கு பேருடைய தடுப்பூசிப் பதிவும் என் ஒரே போன் நம்பரில்தான் இருந்தது. ஒரு நம்பருக்கு நான்கு பேர் வரை பதியலாம் என்றார்கள். போனை நோண்டத் தெரிந்தவன் நான்தானே என்று எல்லோருடைய ஆதாரையும் வாங்கிப் பதிந்துவைத்தேன். நான், என் அக்கா, அக்கா வீட்டுக்காரரான என் மச்சான், மச்சானுடைய சித்தப்பா மகன். என் வீட்டுக்காரி மட்டும் அவள் போனிலேயே பதிந்துகொண்டாள். அவள் விவரமானவள்.

மச்சானுக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கும் ஒரே பெயர். தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் குலசாமி பெயரைத்தான் வைப்பது அந்த வீட்டு வழக்கம். மச்சானின் அப்பா, சித்தப்பா இரண்டு பேருக்கும் தலைப்பிள்ளை ஆண். அப்பாக்கள் இரண்டு பேருக்கும் முதலெழுத்தும் ஒன்று. ஊருக்குள் மேலவீட்டுக்காரர், கீழவீட்டுக்காரர் என்று பிரித்துச் சொல்லிக்கொள்வார்கள். என் மச்சான் மேலவீடு. ஆதாருக்கும் கம்ப்யூட்டருக்கும் மேலவீடும் தெரியாது, கீழவீடும் தெரியாது.

எனக்குச் சின்னமனூரில் ஒரு சின்னக் கடை. கிணற்று மோட்டார் புகைந்து வந்தால் கருகிய செம்புக்கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, காயில் கட்டிக் கொடுப்பேன். யாரிடமும் படித்ததில்லை, பிரித்துப் பிரித்துப் பார்த்துப் பழகியது. மோட்டார் தயாராகும்வரை ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். காயில் கட்டுவதைவிட அந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் கடை வைத்திருக்கிறேன் என்று என் வீட்டுக்காரி சொல்வாள், அது முழுப் பொய்யுமில்லை. இரண்டாவது அலை அடங்கிய மாதங்களில் பெஞ்சில் எல்லாமே ஊசிப் பேச்சுதான். ஒருவர், "ஊசி போட்டா மூணு நாளைக்குக் குடிக்கக் கூடாதாம்ல, அதுக்கு நோயே தேவலை" என்றார். குச்சனூரிலிருந்து மோட்டார் கொண்டுவந்த ஒரு அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "நான் ரெண்டும் போட்டுட்டேன்யா. செத்தாலும் சர்டிபிகேட்டோட சாவேன். தூக்குறதுக்கு நாலு பேரு பயப்படாம வருவான்ல."

மச்சான் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. ஓடைப்பட்டிப் பக்கம் அவருக்குத் திராட்சைப் பந்தல். இலையில் நோய் விழும் முன்பே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற மனிதர். அதை வைத்தே அவரை மடக்கிவிடலாம் என்று ஒரு நாள் பந்தலுக்குக் கீழே நின்று பேசிப் பார்த்தேன்.

"நோய் வாரதுக்கு முன்னாடியே மருந்தடிக்கிற ஆளு நீங்க. ஊசியும் அப்படித்தான மச்சான்?"

"அடிப்பேன் மாப்ள. ஆனா எப்படி அடிப்பேன்? புது மருந்துன்னா மொதல்ல ஓரத்துல இருக்குற நாலு கொடிக்கு அடிச்சு, ஒரு வாரம் பாப்பேன். இலை கருகலைன்னாத்தான் மத்ததுக்கு. இப்ப ஊருக்குப் போடுறாக. போடட்டும். நான் கடைசி வரிசைக் கொடி."

"ஊருல முக்கால்வாசிப் பேரு போட்டாச்சு. எல்லாக் கொடியும் பச்சையாத்தான் இருக்கு."

"ஒரு வாரம் இன்னும் முடியலை" என்று சொல்லிவிட்டுக் கொடி வெட்டுகிற கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அவருடைய வாரத்துக்கு எத்தனை நாள் என்று அவரிடம் யாரும் கேட்க முடியாது.

அக்காவால் அவரைப் போல நிதானமாக இருக்க முடியவில்லை. மச்சானுக்குச் சர்க்கரை. அவரோடு சந்தைக்குப் போய்வந்த ஒரு சிநேகிதர், அவரும் சர்க்கரைக்காரர், இரண்டாவது அலையில் தேனி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனார், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அக்கா மச்சானைக் கல்யாணத்துக்கு விடுவதில்லை, இழவுக்கும் விடுவதில்லை. "நீ சொன்னா கேப்பாக தம்பி, எப்படியாச்சும் போட வச்சிரு" என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பெரிய சாமர்த்தியசாலி என்று ஒரு நினைப்பு. அக்காவின் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒன்றரை வருடமாக வீட்டுக்குள்ளேயே போன் பார்த்துப் பாடம் படித்துக் கிடந்தார்கள். மதுரையைத் தாண்டி ஒரு தீம் பார்க் திறந்துவிட்டது, பதினெட்டு வயதுக்கு மேல் எல்லோரும் ஒரு ஊசியாவது போட்ட சர்டிபிகேட் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். உடனே பிள்ளைகளிடம் போய், "தாய்மாமன் செலவு. அம்மா அப்பாவோட எல்லாரும் போறோம்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கெஞ்சினால் மச்சான் கையை நீட்டிவிடுவார் என்பது என் திட்டம்.

பிள்ளைகளும் கெஞ்சினார்கள். "நான் வெளியில வண்டியில இருந்துக்கிறேன் ஆத்தா, நீங்க போயி வெளையாடுங்க" என்று சொல்லிவிட்டார் மச்சான்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை மச்சான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. மதியம் என் போனில் மெசேஜ் வந்தது. மச்சானுடைய பெயர், முதல் ஊசி போடப்பட்டது, சர்டிபிகேட்டை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துப் பார்த்தேன், மச்சானுடைய வயது, மச்சானுடைய ஆதாரின் கடைசி எண்கள். மனுசன் யாருக்கும் சொல்லாமல் போய்ப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். வீம்பு பிடித்த ஆள், தோற்றதைச் சொல்ல வெட்கப்படுவார் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்காவுக்குப் போனைப் போட்டேன்.

"நெசமாவா சொல்ற?"

"எங்கிட்ட சர்டிபிகேட்டே இருக்குக்கா. ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்க. கேட்டா கூச்சப்படுவாரு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் மச்சானும் கீழவீட்டுக்காரரும் ஒரே பைக்கில் கடைக்கு வந்து இறங்கினார்கள். கீழவீட்டுக்காரர் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தார், கை வீங்கியிருந்தது. "ஊசி நேத்துப் போட்டுட்டேன் தம்பி. எனக்கு மெசேஜே வரலியே. ஒன் போனுக்கு வந்துச்சா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகாமில் என் நம்பரைத் தட்டியதும் ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்த பிள்ளை மேலே இருந்த பெயரை அமுக்கிவிட்டது. ஊசி கீழவீட்டுக்காரர் கையில் இறங்கியது, சர்டிபிகேட் மேலவீட்டுக்குப் போய்விட்டது. நான் போனைக் காட்டியதும் மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வலி இவனுக்கு, பட்டம் எனக்கா? பரவாயில்ல மாப்ள, நல்லதாப் போச்சு. இதப் பார்க்கு வாசல்ல காட்டு. நானும் உள்ள வாரேன்."

"அக்காகிட்டச் சொல்லிட்டேன் மச்சான், நீங்க போட்டுட்டீகன்னு."

சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கெழமை பிள்ளைக போயிட்டு வரட்டும். வந்து சொல்லிக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். பிள்ளைகள் பையெல்லாம் எடுத்துவைத்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். அக்காவின் சந்தோஷத்தைக் கலைக்க எனக்குத் துணிச்சல் இல்லை என்பதுதான் பெரிய காரணம்.

ஞாயிற்றுக்கிழமை விடிய ஒரு வேன் பிடித்துப் போனோம். என் வீட்டுக்காரி தண்ணீருக்குப் பயந்து வரவில்லை. பார்க் வாசலில் நெற்றியில் சூடு பார்த்தார்கள், கையில் மருந்துத் தண்ணீரைப் பீச்சினார்கள், சர்டிபிகேட் கேட்டார்கள். நானும் அக்காவும் முன்பே ஊசி போட்டிருந்தோம். மூன்று பேருடைய சர்டிபிகேட்டையும் காட்டினேன். காவலாளி படித்தாரோ இல்லையோ, தலையை ஆட்டினார். மச்சான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உள்ளே போனார்.

சேலையோடு தண்ணீரில் இறங்கக்கூடாது என்று அங்கே சட்டம். அக்கா வாடகைக்கு ஒரு நைலான் சட்டையும் கால்சட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, துண்டைப் போர்த்தியபடி சுவரோரமாகவே நடந்துவந்தாள்.

"யாராச்சும் நம்ம ஊர்க்காரன் பாத்தா என்னடா தம்பி செய்ய?"

"பாத்தா அவனும் இதே டவுசர்லதான நிப்பான். வெளிய சொல்ல மாட்டான்."

அந்த அலைக்குளத்தில் மணி அடித்து அலை வந்ததும் அக்கா இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. பிறகு பிள்ளைகள் மச்சானை இழுத்துக்கொண்டு ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கப் போனார்கள். அக்கா ஈரத்தோடு என் பக்கத்தில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"பல மாசமா அவுக இருமுனா நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன் தம்பி. மூச்சு சீரா வருதான்னு பாப்பேன். நீ போன் பண்ணுன அன்னைக்குத்தான் அசந்து தூங்குனேன்" என்றாள். "வர்ற வியாழன் பண்ணைப்புரத்துல கல்யாணம். போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன். பாவம், எத்தனை நாளுதான் அடைச்சு வைக்க?"

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. இரண்டு பெயரையும், மாறிப்போன மெசேஜையும், வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டதையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. துண்டின் நுனியைப் பிழிந்தாள், தண்ணீர் இல்லாமல் போனபிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து, கூட்டத்தைப் பற்றியோ டவுசரைப் பற்றியோ கவலையில்லாமல் நேராக ராட்டின வரிசைக்குப் போனாள், நானும் பின்னால் ஓடினேன். மச்சான் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மாஸ்க்கைப் போடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார், மாஸ்க்கை மேலே ஏற்றினார்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஆண்டிபட்டியில் டீக்கு வண்டியை நிறுத்தினோம். அக்கா இறங்கவில்லை. மச்சான் டீயை ஆற்றிக்கொண்டே, "ஏலே மாப்ள, வீட்டுக்குப் போற வரைக்குமாச்சும் பொறுத்திருக்கலாம்ல" என்றார்.

"பொறுத்ததுதான் மச்சான் தப்பு. ரெண்டு நாளு பொறுத்துட்டோம்."

அவர் அக்காவுக்கு ஒரு டீயை வண்டிக்குள் கொண்டுபோய் நீட்டினார். அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். ஆறிப்போன டீயோடு ஊர் வந்து சேர்ந்தோம்.

அதன் பிறகு அக்கா எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தால் மூத்த பிள்ளை எடுத்து, "அம்மா வேலையா இருக்கு மாமா" என்றது. பத்து நாள் கழித்து மச்சான் தனியாகக் கடைக்கு வந்தார். பண்ணைப்புரம் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஒங்க அக்கா கத்துனா நான் தாங்கிக்குவேன். கத்த மாட்டேங்குறா. சோத்தப் போட்டுட்டு எதுத்தாப்புல மாஸ்க்கோட உக்காந்திருக்கா. வீட்டுக்குள்ள. ஏன்னு கேட்டா, நான் சந்தைக்குப் போறேன், வாரேன், எங்கிட்ட இருந்து ஒங்களுக்கு வந்துறக்கூடாதுங்கிறா." கொஞ்ச நேரம் பெஞ்சுக் கட்டையை நகத்தால் சுரண்டினார். "எனக்கு ஊசி மேல நம்பிக்கை வந்துருச்சுன்னு மட்டும் எழுதிக்காத. அவ மூஞ்சியப் பாத்துச் சாப்பிடணும். எங்கன போடுறாக?"

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. இரண்டு நாள் கழித்துப் போனபோது, சுகாதார நிலையத்தில் நர்சம்மா என் போனைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் போட்டாச்சே. ரெண்டாவது ஊசிக்கு இன்னும் நாள் கெடக்கு" என்று சொல்லிவிட்டார். இத்தனை மாதம் ஊசிக்கு ஓடி ஒளிந்த மனிதர், "இல்லம்மா, நான் போடல, சத்தியமாப் போடல" என்று கெஞ்சிக்கொண்டு நின்றார். நான் பைக்கை விரட்டிப் போய்க் கீழவீட்டுக்காரரைக் கூட்டிவந்தேன். அதற்குள் மச்சான் அக்காவுக்கும் ஆள் அனுப்பியிருந்தார். அவள் வந்து ஒரு ஓரமாக நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

நர்சம்மா இரண்டு ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கீழவீட்டுக்காரரிடம், "ஒங்க பேருல ஊசி இன்னும் போடாமத்தான் இருக்கு. அதுல இவருக்குப் போட்டு ஏத்திரட்டுமா? மாறினத நோட்டுல எழுதி, திருத்தச் சொல்லி மேல அனுப்புறேன். திருந்தி வாரப்ப வரட்டும்" என்று கேட்டார்.

"தாராளமா வச்சுக்கங்கம்மா. பேரு போனாப் போகுது. போட்ட ஊசியத் திருப்பிக் கேட்டுறாதீக."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சட்டையைக் கழற்றி, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கையைக் கொடுத்தார். அக்கா வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஊசி உள்ளே போவதையும் வெளியே வருவதையும், நர்சம்மா பஞ்சை வைத்து அழுத்துவதையும் குனிந்து பார்த்தாள். அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். அந்த அரை மணி நேரமும் அவர் பஞ்சை அவள்தான் அழுத்திப் பிடித்திருந்தாள். தேவையே இல்லை.

நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் என் போன் சத்தம் போட்டது. மெசேஜ். நான் அக்காவிடம் போய், "வந்துருச்சுக்கா. பிள்ளை போனுக்கு அனுப்பி விடவா?" என்று கேட்டேன். அவளிடம் நேராகப் பேசி அன்றைக்குப் பன்னிரண்டு நாள்.

அவள் மச்சானின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னாள். "அது ஒங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. நான் கண்ணால பாத்துட்டேன்."

சொல்லிவிட்டு மாஸ்க்கைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகினாள். பைக்கில் ஏறி உட்கார்ந்தபிறகு, போகிற போக்கில், "பிள்ளைக ஒன்னைக் கேட்டுக்கிட்டே இருக்குதுக, வீட்டுக்கு வா" என்றாள்.