பரமலிங்கம் திருத்தி எழுதிய ஏச்சு

கொக்குவிலில் இருந்த அந்தச் சுருட்டுக் கொட்டிலில் பதினாறு பேர் வேலை செய்தார்கள். பதினைந்து பேர் சுருட்டுச் சுற்ற, ஒருவர் பத்திரிகை வாசிப்பார். கைக்கு வேலை இருக்கும்போது காது சும்மா இருக்கக் கூடாது என்பது கொட்டில்களின் வழக்கம். வாசிப்பவருடைய பங்குச் சுருட்டை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சேர்த்துவிடுவார்கள். 1963இல் அங்கே வாசித்தவர் பரமலிங்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். மிச்சத் தமிழைப் பத்திரிகையிலிருந்தும், நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய ஓர் அகராதியிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அச்சுப்பிழை கண்டால் வாசிக்கும்போதே திருத்திவிடுவார். ஒருமை பன்மை பிசகினாலும் விடமாட்டார்.

"பேப்பர்க்காரன் விட்ட பிழை எங்கடை கொட்டிலுக்கை வரப்படாது" என்பார்.

முதலாளிக்குத் தெற்கில் கடை. மாதத்தில் ஒருமுறைதான் ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் கொட்டிலை ஆண்டவர் மேற்பார்வை பார்த்த ஆழ்வாப்பிள்ளை. புகையிலைக் கட்டுகள் அவருக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். இலை முடிந்தவர் கையை நீட்டினால் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுப்பார். தம்பிஐயாவுக்கு மட்டும் அந்த வருடம் மாசி மாதத்தோடு அது நின்றது. தம்பிஐயா இருபத்திரண்டு வருடம் அதே பலகையில் சுற்றியவர். பேச்சுத் திக்கும், ககரத்தில் வந்தால் நன்றாகத் திக்கும்.

"வாய் இருக்கெல்லே? வாயாலை கேளன்."

"க... க... கட்டு..."

"க, க, க, க! ஆரடா காகத்தைக் கொட்டிலுக்கை விட்டது? இண்டைக்குச் சனிக்கிழமையோ? சோறு வையுங்கோடா!"

சனி விரதக்காரர் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிடுவார்கள். ஆகவே பகிடி எல்லோருக்கும் விளங்கியது. முதல் நாள் இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை விடவும் இல்லை. இரண்டாம் கிழமையிலிருந்து பரமலிங்கம் ஒரு கொப்பியில் நாளும் நேரமும் போட்டு எழுதத் தொடங்கினார். இருபத்து மூன்று நாட்களின் ஏச்சு அதில் சேர்ந்தது. இருபத்து நான்காம் நாள் தம்பிஐயா சுற்றிக்கொண்டிருந்த பலகையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். அந்த நிமிடமே ஆழ்வாப்பிள்ளை அவரை வேலையால் நிறுத்தினார்.

யாழ்ப்பாணத் தொழிற் கந்தோரில் விசாரணை நடந்தது. தம்பிஐயாவுக்காகப் பேசப் பரமலிங்கமும் அவரோடு போனார். அதிகாரி சோமசேகரம் நிதானமான மனிதர்.

"பலகை எறிஞ்சது பிழைதான். ஆனால் உவர் எறியிற அளவுக்கு ஆத்திரப்படுத்தினவை எண்டு காட்டினால், வேலை திரும்பக் கிடைக்கும். என்ன அத்தாட்சி வைச்சிருக்கிறீர்?"

பரமலிங்கம் கொப்பியை நீட்டினார். அதிகாரி வாய்விட்டு வாசித்தார்.

"'செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியளவில், மேற்பார்வையாளர் தம்பிஐயா அவர்களை நோக்கி, இன்று சனிக்கிழமையா, காகத்திற்கு அன்னம் இடுங்கள் என்று கூறினார்.'" கண்ணாடியைக் கழற்றினார். "இதிலை ஏச்சு எங்கை, பரமலிங்கம்? காகத்துக்குச் சோறு வைக்கச் சொல்லுறது புண்ணியமெல்லோ?"

"அதைத்தான் ஐயா நானும் சொல்லுறன்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"ஆழ்வாப்பிள்ளைக்குக் கிழமை தெரியாதெண்டு மட்டும்தான் எனக்கு விளங்குது. வாற வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை தாறன். வேறை ஏதும் இருந்தால் கொண்டுவாரும்."

வேறு எதுவும் இல்லை. இருந்ததைத்தான் பரமலிங்கம் அழித்துவிட்டிருந்தார். ஒரு மனிதனுடைய திக்கலைத் தாளில் எழுதி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. 'க, க' எல்லாவற்றையும் விட்டுவிட்டார். எழுதிய மிச்சத்தையும் பழக்கதோஷத்தில் திருத்திவிட்டார். ஏச்சு போய்ச் செந்தமிழ் நின்றது.

அன்று பின்னேரமே தம்பிஐயாவோடு அவருடைய வீட்டுக்குப் போனார். தம்பிஐயாவின் மனைவி அருமைநாயகி கொப்பியை வாங்கி இரண்டு பக்கம் வாசித்தாள்.

"என்ன அண்ணை இது? ஆழ்வாப்பிள்ளை தேவாரம் படிச்சமாதிரியெல்லோ எழுதி வைச்சிருக்கிறியள்!"

"இவரைப் பகிடி பண்ணினதை என்ரை கையாலை எப்பிடிப் பிள்ளை எழுதிறது?"

"இவரின்ரை வாய் ஊருக்கே தெரியும். கொப்பிக்குத் தெரிஞ்சால் என்ன குறையப்போகுது?"

தம்பிஐயா கொப்பியை வாங்கிப் பரமலிங்கத்திடமே நீட்டினார். பிறகு, "எ... எழுதும். அ... அவன் சொன்னபடி எழுதும்" என்றார்.

இருவரும் முதல் நாளிலிருந்து தொடங்கினார்கள். 'வையுங்கோடா' என்று எழுதப் பரமலிங்கத்தின் கை கூசியது, ஆனாலும் எழுதினார். தம்பிஐயாவுக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருந்தது.

"உ... உது மூண்டு க இல்லை. நாலு."

"மூண்டெண்டுதான் எனக்கு நினைவு."

"எ... எனக்குத்தானே சொன்னவன்?"

பரமலிங்கம் நாலாக்கினார். சுற்றுகிறவர்களில் மூன்று பேர் தனித்தனியே பார்த்துக் கையெழுத்து வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி கொப்பியை அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். கொட்டிலில் பத்திரிகை வாசிக்கும் அதே உரத்த குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பரமலிங்கம் வாசித்தார்.

"'க, க, க, க. ஆரடா காகத்தைக் கொட்டிலுக்கை விட்டது?'"

ஆழ்வாப்பிள்ளை துள்ளி எழும்பினார்.

"ஐயா, முழுப்பொய்! நாலு தரம் நான் சொல்லவே இல்லை. ரெண்டு தரம்தான் சொன்னனான்!"

சோமசேகரம் பேனையை எடுத்தார்.

"சரி, ரெண்டு தரமெண்டே எழுதிறன். காகமெண்டது சரிதானே?"

"அது... சும்மா ஒரு பகிடிக்கு..."

"பகிடிக்கு எண்டும் எழுதிறன். இதிலை கையெழுத்தை வையும்."

அடுத்த கிழமை முதலாளி வந்து, தம்பிஐயாவுக்கு வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கந்தோர் அனுப்பிய கடிதத்தைப் பார்த்தார். ஆழ்வாப்பிள்ளையைப் பொதி கட்டும் அறைக்கு மாற்றினார். அங்கே அவருக்குக் கீழே ஆட்கள் இல்லை. தம்பிஐயாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பிறகு வேறு கொட்டில்காரர்களும் பரமலிங்கத்தைத் தேடி வந்து முறைப்பாடு எழுதுவித்தார்கள். "நடந்ததைச் சொல்லவேண்டாம், சொன்னதைச் சொல்லு" என்று கேட்டு, வாயிலிருந்து வந்தபடியே எழுதிக் கொடுப்பார். பத்திரிகையை மட்டும் கடைசிவரை திருத்தித்தான் வாசித்தார்.

தம்பிஐயா வேலைக்குத் திரும்பிய அந்தத் திங்கட்கிழமை தேத்தண்ணி நேரத்தில், கந்தோரில் ஆழ்வாப்பிள்ளை எப்படி எழும்பினார் என்று சொல்லச் சொல்லிக் கொட்டில் முழுவதும் கேட்டது. வாசிக்கிறவர் என்றபடியால் எல்லோரும் பரமலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார், தம்பிஐயா முந்திக்கொண்டார். கதை நீண்டது. தேத்தண்ணி ஆறிவிட்டது. 'ரெண்டு தரம்' என்ற இடத்தில் ரகரம் சிக்கியது. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சொல் வந்து விழுந்ததும் கொட்டில் சிரித்தது. எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவர் தம்பிஐயாதான். சிரித்து முடிந்ததும், கேட்காமல் விட்ட ஒருவருக்காக அந்த இடத்தை இன்னொருமுறை சொன்னார்.