டிரங்குப் பெட்டியில் ஸ்ரீரங்கம்

விடுப்பு மனுவுக்கு ஏழு நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. உத்தியோகத்தில் இருந்தவரை அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியே களைத்துப்போனவன் நான். இன்று லேக் மார்க்கெட் கடையொன்றில் பாச்சை உருண்டை வாசனை அடித்ததும், பாலிகஞ்சில் என் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த, இப்போது அடுக்குமாடியாகிவிட்ட வீட்டின் உள்ளறையும், அங்கே அந்தக் கார்த்திகை முழுக்கத் திறந்தே கிடந்த டிரங்குப் பெட்டியும் நினைவுக்கு வந்தன. என் டைஃபாய்டு காய்ச்சல் இறங்கினால் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, அப்பாவுக்கு லீவுதான் வரவில்லை. அம்மா தினமும் மத்தியானம் பட்டுப்புடவையை எடுத்து, மடிப்பு மாற்றித் திரும்ப வைப்பாள். ஸ்டேஷனில் ரயில் கூவும்போதெல்லாம் அவள் கை ஒரு கணம் நிற்கும். மாடிவீட்டு வங்காளி அம்மாள் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் லீவு போட்டுக் குடுக்கறது நீங்கதானே? உங்க காகிதத்தையும் கொஞ்சம் நகர்த்தப்படாதா?"

"என் ஃபைலை நானே தொடப்படாதுடி. ரூல்."

"பெருமாள் உங்க ரூலைப் பார்த்துண்டா வாசல் திறப்பார்?"

அப்பா உட்கார்ந்து மேலதிகாரிக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதினார், மூன்று பிரதிகளில்.

ஏகாதசியன்று அம்மா பட்டினியாக, அந்தப் பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். விடுப்பு அனுமதிக்கப்பட்டதாகப் பதில் வந்தது மறுநாள், துவாதசியன்று.