மழைக்காரியும் காய்ந்த சுவரும்

மழை பெய்யும் நாளில்தான் அவள் வீடு காட்டுவாள். வெயில் நாளில் யாராவது தொலைபேசியில் அழைத்து, "இன்னைக்குச் சாயங்காலம் வந்து பாக்கலாமா?" என்று கேட்டால், "மேகம் கறுக்கட்டும், நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள். பழைய வீட்டை வாங்கி, அதிலேயே குடியிருந்து பழுது பார்த்து, பிறகு விற்பது அவளுடைய தொழில். விற்க வேண்டிய பொருளை அதன் மிக மோசமான நாளில் எடுத்துக் காட்டுகிற வியாபாரியை அந்த வட்டாரத்துத் தரகர்கள் அதற்குமுன் கண்டதில்லை. மழைக்காரி என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வருபவருக்கு அவள் முதலில் காட்டுவது கூடத்தை அல்ல, ஒழுகும் இடத்தை. "இந்த ஜன்னல் மூலையில தண்ணி உள்ள வரும். எத்தனையோ தடவை பூசியாச்சு, கேக்க மாட்டேங்குது. அதுக்காக விலையில கழிச்சிருக்கேன். மத்த சுவரையெல்லாம் தொட்டுப் பாருங்க. சந்தேகமா இருந்தா கன்னத்தை வெச்சுப் பாருங்க" என்பாள். உள்ளங்கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும் என்பது அவள் அனுபவத்தில் கண்டது. கை வைக்காத சுவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பது தனக்குத்தானே அவள் விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. திருமணமான புதிதில் அவளும் கணவனும் வாங்கிய முதல் வீடு, கோடையில், புது வண்ணம் மணக்க மணக்க வாங்கியது. முதல் மழையிலேயே படுக்கையறைச் சுவர் வியர்த்தது. இரண்டாம் மழையில் உப்புப் பூத்தது. கட்டிலை அறையின் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் தூங்கினார்கள். கணவன் தொழிலால் பெயின்டர். "பெயின்டருக்கே பெயின்ட் அடிச்சு வித்துட்டானே!" என்று தெரு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டான். அவளால் முடியவில்லை. தனக்கு நேர்ந்ததைத் தன் கையால் இன்னொருத்திக்குச் செய்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அந்த முடிவு அவளுக்கு நல்ல பெயரைத் தந்தது. வேறெதையும் அதிகமாகத் தரவில்லை. ஒரு வீடு விற்றதும் அடுத்த பாழடைந்த வீட்டுக்குக் குடிபோவார்கள். ஒரே திரைச்சீலைகளைத்தான் வீட்டுக்கு வீடு கொண்டுபோனாள். ஜன்னலின் உயரத்துக்கேற்ப ஒவ்வொரு முறையும் கீழ்மடிப்பைப் பிரித்துத் தைத்ததில், அவற்றின் அடியில் பழைய தையல் தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. நல்ல பீங்கான் தட்டுகள் இருந்த பெட்டியை அவள் இதுவரை எந்த வீட்டிலும் திறந்ததில்லை. விற்காத வீடு ஒன்று வரும்போது திறக்கலாம் என்று வைத்திருந்தாள்.

அந்த வீட்டையும் பார்த்து வைத்திருந்தாள். அடுத்த சந்தில் ஒரு தையற்காரரின் இரண்டு அறை வீடு. அவர் தன் மகளோடு போய் இருக்கப் போகிறார். "மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக நிறுத்தி வெக்கிறேம்மா. அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லியிருந்தார். இப்போது குடியிருக்கும் வீடு விற்றால் அது அவளுடையது. விற்காவிட்டால் இல்லை.

இந்தக் கணக்கில் அவளுக்குத் தூக்கம் கெட்டதைவிட, சின்னவளை நினைத்துக் கெட்டதுதான் அதிகம்.

சின்னவள் என்பவள் அவளுடைய ஓரகத்தி. கணவனின் தம்பி மனைவி. இந்தத் தொழிலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஆனால் சின்னவள் காலை வெயிலில் வீடு காட்டினாள். ஆள் வருவதற்குமுன் மணக்கும் திரவத்தை அறை முழுவதும் அடித்து வைத்தாள். விரிசலில் பட்டி பூசி, மேலே வெள்ளை அடித்து, சிரித்துக்கொண்டே விற்றாள். ஒருமுறை அவள் விற்ற வீட்டில் சுவர் ஊறி, வாங்கியவர் வாசலில் வந்து கத்தியபோது, மழைக்காரிக்கு ஒரு வாரம் சாப்பாடு ருசித்தது. ஆனால் அந்த ஆள் கத்தி ஓய்ந்தார். சின்னவள் கார் வாங்கினாள்.

அந்தக் காரின் ஹாரன் தெருமுனையில் கேட்டாலே மழைக்காரிக்கு வயிறு எரியும். சின்னவள் வீட்டுக்குப் போனால் சோபாவைத் தடவிப் பார்ப்பாள். தோலா, தோல் மாதிரியா என்று. எல்லாவற்றையும்விட எரிந்தது வேறொன்று. சின்னவளின் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பது அவளுடைய சொந்தக் கணவன்.

"வேற பெயின்டரே கிடைக்கலையா அவளுக்கு?"

"கிடைப்பாங்க. கூலி கொடுக்கிற இடத்துக்கு நான் போறேன். உன் வீட்டுக்கு அடிச்சா நீ டீதான் கொடுக்கிறே" என்றான் அவன்.

வீடு விற்றதும் சின்னவள் சாவி கொடுக்கும் படத்தைக் குடும்பக் குழுவில் போடுவாள். மழைக்காரி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, சிரிக்கும் முகங்களை ஒதுக்கிவிட்டு, பின்னாலிருக்கும் சுவரில் விரிசல் தேடுவாள். பல தடவை கிடைத்தும் இருக்கிறது.

போன மழைக்காலத்தில், மழைக்காரி இப்போது குடியிருக்கும் தெருவிலேயே சின்னவள் மூலை வீட்டை வாங்கியிருந்தாள். அது மழைக்காரி முதலில் பார்த்துவிட்டு வந்த வீடு. படுக்கையறையின் பின்சுவரில் கை வைத்தபோது ஈரம் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக் குளியலறை. குழாய் கசிந்து சுவர் முழுவதும் ஓதம் ஏறியிருந்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டாள். உரிமையாளர் மறுத்துவிட்டார். சின்னவள் அவர் கேட்ட விலைக்கே முடித்தாள். அன்றிலிருந்து மழைக்காரி அந்த வீட்டு வாசலைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் அதன் பேச்சை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். ஆகவே கணவன் பேச்சை எடுப்பதில்லை.

இந்த மழைக்காலத்தில் அவளுடைய வீடும் மூலை வீடும் ஒரே சமயத்தில் விலைக்கு வந்தன. ஒரு பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் இரண்டையும் பார்த்தார்கள். வாழ்நாள் முழுவதும் வாடகைக்கு இருந்தவர்கள். மனைவிக்கு மூலை வீட்டின் மேல் ஆசை. "அங்க சமையலறையில வெளிச்சம் கொட்டுது" என்று மழைக்காரியின் காதுபடவே சொன்னாள். இரண்டு நாள் கழித்து ஓட்டுநர் மட்டும் வந்தார்.

"அக்கா, உங்ககிட்ட கேக்கலாமா கூடாதான்னு தெரியல. மூலை வீட்டை முடிச்சிடலாம்னு இருக்கோம். உங்களுக்கு அது போட்டி வீடுதான். ஆனா யாரைக் கேட்டாலும், மழைக்காரம்மா பொய் சொல்ல மாட்டாங்க, அவங்களையே கேளுன்னு சொல்றாங்க. அந்த வீட்டுல ஏதாவது கோளாறு இருக்கா?"

மழைக்காரி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நானா எதுவும் சொல்ல மாட்டேன். கேட்டதால சொல்றேன். படுக்கையறைப் பின்சுவர் ஓதம். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுது. நான் கை வெச்சுப் பாத்திருக்கேன்."

"பெயின்ட் பளபளன்னு இருக்கே?"

"இருக்காதா பின்ன? எங்க வீட்டுக்காரர் அடிச்சதாச்சே. அவர் அடிச்சா ஆத்துமேல அடிச்சாலும் பளபளன்னுதான் இருக்கும்."

ஓட்டுநர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பல வருடங்களாக அவள் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்ததில்லை. கை வைத்தது உண்மை. எப்போது என்று அவர் கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் என்று அவளும் சொல்லவில்லை. மறுநாள் அவர் மனைவியோடு வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். மனைவியின் முகம்தான் அவ்வளவாக மலரவில்லை. மழைக்காரி பரணிலிருந்து பீங்கான் தட்டுப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் கணவன் பின்கட்டில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஓட்டுநர் ஏன் மூலை வீட்டை விட்டுட்டாராம்? கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரி தம்பி சொன்னானே."

"பின்சுவர் விஷயத்தைச் சொன்னேன். கேட்டார், சொன்னேன்."

"எந்தப் பின்சுவர்?"

"ஓதம் அடிக்குதே, அதுதான். நீங்க மேல அடிச்சு மறைச்சீங்களே."

அவன் கை நின்றது. "அந்தச் சுவரை இடிச்சுக் குழாயை மாத்தி, புதுசா கட்டி, ரெண்டு மாசம் காயவிட்டாங்களே. அதுக்கப்புறம்தானே நான் அடிச்சேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எங்க சொல்றது? அவ பேரை எடுத்தாலே தட்டைத் தள்ளுறே. நானும் மனுஷன், பசிக்காதா?"

அவள் உள்ளே போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பொய் சொல்லவில்லை, தெரிந்ததைத்தான் சொன்னோம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஓட்டுநர் வாங்கப்போவதும் கெட்ட வீடு அல்ல. ஜன்னல் ஒழுகலைக் காட்டித்தானே விற்கிறோம் என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் வேறு எவருடைய வீடாக இருந்தாலும், ஒரு வருடத்துக்குமுன் தொட்ட சுவரைப் பற்றி அவள் வாய் திறந்திருக்க மாட்டாள். மறுபடி போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். ஒருவேளை அவன் சொல்வது தவறாக இருக்கலாம். சுவர் இன்னும் ஈரமாக இருக்கலாம். இருக்க வேண்டும் என்று அவள் மனதார விரும்பினாள்.

மறுநாள் பகலில் மழை பிடித்துக்கொண்டது. குடையை எடுத்துக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனாள். சின்னவள் உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடடே, அக்காவா! மழை ஏன் இப்படிக் கொட்டுதுன்னு இப்பதான் தெரியுது. வாங்க, வாங்க."

"பின்சுவரைப் பாக்கணும்."

"தாராளமா. உங்களுக்குக் காட்டாம யாருக்குக் காட்டப் போறேன்?"

மழைக்காரி உள்ளங்கையை வைத்தாள். பிறகு புறங்கையை வைத்தாள். கடைசியில் கன்னத்தை வைத்தாள். வெளியே மழை அறைந்துகொண்டிருந்தது. சுவர் புதுத் துணியைப் போலக் காய்ந்திருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டு, அவர் குளியலறையையும் உடைச்சு, என் செலவுல டைல்ஸ் போட்டுக் கொடுத்தேன்க்கா" என்றாள் சின்னவள்.

"எதுக்கு இவ்வளவு? பட்டி பூசியிருக்கலாமே. உனக்குத் தெரியாத வித்தையா?"

"குத்துங்க, நல்லா குத்துங்க. முன்னாடி அதைத்தான் செஞ்சேன். இப்ப வர்றவங்க எல்லாம் சுவர்ல கன்னத்தை வெச்சில்ல பாக்குறாங்க! எல்லாம் நீங்க பழக்கி விட்டது. மறைச்சா வர்ற பத்து பேரும் திரும்பிப் போறாங்க. சரி பண்ணிட்டு விலையை ஏத்தினா முதல் ஆளே முடிக்கிறான். உள்ளதைச் சொல்றதுல இவ்வளவு காசு இருக்குன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாம போச்சேக்கா!"

காரைப் பார்த்தபோதும் சோபாவைத் தடவியபோதும் எரியாத ஓர் இடம் மழைக்காரிக்குள் அப்போது எரிந்தது. அவள் கைக்கு வந்தபோது பெயரை மட்டும் தந்த நேர்மை, இவள் கைக்குப் போனதும் பணத்தையும் சேர்த்துத் தருகிறது. இதையும் எடுத்துக்கொண்டாளே என்று நினைத்தாள். மிச்சமிருந்தது இது ஒன்றுதானே.

"அந்த ஓட்டுநர் உங்க வீட்டை எடுத்துக்கிட்டாராமே. போகட்டும்க்கா. நம்ம குடும்பத்துக்குள்ளதானே" என்றாள் சின்னவள்.

"நான்தான் சொன்னேன். இந்தச் சுவர் ஓதம்னு."

தரைத்துணி சின்னவள் கையில் அப்படியே நின்றது. சிரிப்பு போய்விட்டிருந்தது.

"கை வெச்சுப் பாத்துட்டா சொன்னீங்க?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் மழைக்காரி பதில் சொல்லியிருப்பாள்.

"இப்ப வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் வண்டியை எடுக்கத் தயாராக இருந்தார். ஜன்னலுக்குக் கீழே நின்று, மழைச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் அவள் பேச வேண்டியிருந்தது.

"நான் சொன்னது பழைய கதை. சுவரை இடிச்சுப் புதுசா கட்டியிருக்காங்க. இப்ப போய்ப் பாத்தேன், பொட்டு ஈரம் இல்ல. இந்தாங்க உங்க முன்பணம். நீங்க ரெண்டையும் இன்னொரு தடவை பாருங்க. அப்புறமும் என் வீடுதான்னா என் வீடு."

ஓட்டுநர் உறையை வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தார். "உங்க ஓரகத்தி சுவரை இடிச்சுக் கட்டுறாங்க. நீங்க மழையில வந்து பணத்தைத் திருப்பித் தர்றீங்க. குடும்பமே நேர்மையான குடும்பம்க்கா!"

அவர் மனதாரத்தான் சொன்னார். அவளை இதுவரை யாரும் இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

ஓட்டுநரின் மனைவிக்கு வெளிச்சம் கொட்டும் சமையலறையே கிடைத்தது. மாதக் கடைசியில் மழைக்காரி தையற்காரரிடம் போய், இனிமேல் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். கணவன் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தான். தூக்கும்போது தட்டுகள் உள்ளே ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. அன்றைக்கு அவனே டீ போட்டான்.

அவள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது குடும்பக் குழுவில் படம் வந்தது. சின்னவள் சாவியை நீட்டுகிறாள். ஓட்டுநரின் மனைவி வாங்குகிறாள். பின்னால் அந்தப் படுக்கையறைச் சுவர். மழைக்காரி படத்தைப் பெரிதாக்கினாள். முகங்களை ஒதுக்கினாள். சுவரின் மேல் மூலைக்குப் போனாள், கீழே வந்தாள், சுவிட்ச் ஓரம் பார்த்தாள்.

"போதும், விடு. அந்தச் சுவரைக் கட்டினதுலேருந்து நான் பாத்திருக்கேன். ஒண்ணும் இருக்காது" என்றான் கணவன்.

"தெரியும்" என்றாள் அவள். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.